பள்ளிவாசல் முற்றத்து ஈட்டி விளையாட்டும் சர்க்கஸ் கூடாரமும்



ஊரில் சர்க்கஸ் கூடாரம் எழும்பும் போதெல்லாம் நம்மிடம் ஒரு கேள்வி வந்து சேர்கிறது: கணவனும் மனைவியுமாகச் சென்று அதைப் பார்ப்பது மார்க்கத்துக்கு உகந்ததா? பெரும்பாலும் கேட்பவர் கணவர். கேட்கச் சொல்லி அனுப்பியவர் மனைவி. தீர்ப்பு வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. நாம் இங்கே வரலாற்றின் பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்ப்போம்.

மதீனாவில் ஒரு பெருநாள். அபிசீனியர் சிலர் ஈட்டிகளோடும் கேடயங்களோடும் வந்து நபிகளாரின் பள்ளிவாசலிலேயே விளையாடிக் காட்டினார்கள். ஊருக்கு வெளியே இருந்த திடலில் அல்ல, பள்ளிவாசலில் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அபிசீனியத் தூதுக்குழு மதீனா வந்திருந்த சமயம் அது என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. அதைக் கொண்டு ஹிஜ்ரி 7ஆம் ஆண்டாக இருக்கலாம் என்று இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) கணக்கிடுகிறார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறை பள்ளிவாசலை ஒட்டியே இருந்தது. பார்க்கலாமா என்று தாம் கேட்டோமா, பார்க்க விரும்புகிறாயா என்று அண்ணலார் (ஸல்) கேட்டார்களா என்பது அன்னைக்குப் பிற்காலத்தில் உறுதியாக நினைவில்லை. ஆனால் நின்ற விதம் துல்லியமாக நினைவிருந்தது. அறை வாசலில் அண்ணலார் நின்றார்கள்; தம் மேலாடையால் அன்னையை மறைத்துக்கொண்டார்கள்; அன்னை பின்னால் நின்று, கன்னத்தோடு கன்னம் பட அந்த விளையாட்டைக் கண்டார்கள். ஆடியவர்களை ‘அர்ஃபிதாவின் மக்களே’ என்று விளித்து அண்ணலார் உற்சாகமும் ஊட்டினார்கள். போதுமா என்று கேட்டது அன்னை சலித்த பிறகுதான். அதுவரை நின்றவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்: ஒரு சமூகத்தின் தலைவர், வஹீ அருளப்பெறும் இறைத்தூதர்.

இன்னோர் அறிவிப்பு இதைவிட நுட்பமானது. போதுமா என்று கேட்கப்பட்ட போதெல்லாம் இல்லை என்றே அன்னை பதிலளித்தார்களாம். விளையாட்டின் மீதிருந்த ஆசை மட்டும் அதற்குக் காரணமன்று; அண்ணலாரிடம் தமக்குள்ள இடம் என்ன என்பதை அறியவே அப்படிச் சொன்னார்கள். கணவன் தனக்காக எவ்வளவு நேரம் நிற்பான் என்று அளந்து பார்க்கும் மனம் எல்லாக் காலத்துப் பெண்ணுக்கும் உரியதுதான் போலும்.

அங்கே ஆட்சேபம் எழாமலும் இல்லை. உமர் (ரலி) அவர்கள் உள்ளே வந்ததும், பள்ளிவாசலில் இதென்ன என்று எண்ணியவர்களாகக் குனிந்து பொடிக்கற்களை அள்ளி அவர்கள் மீது எறிந்தார்கள். அவர்களை விட்டுவிடுமாறு அண்ணலார் தடுத்தார்கள். உமர் (ரலி) அவர்களின் மார்க்கப் பற்றில் எவரும் குறை காண முடியாது. ஆயினும் அன்று கல் கீழே போடப்பட்டது.

ஈட்டி விளையாட்டு போர்ப் பயிற்சி, எனவே அது கேளிக்கைக்கு ஆதாரமாகாது என்று வாதிடுவோர் உண்டு. வாதத்தில் பொருளும் உண்டு. ஆனால் இமாம் புகாரி (ரஹ்) இந்த நிகழ்வை எங்கெங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். தொழுகைப் பகுதியில் உண்டு, பெருநாள் பகுதியில் உண்டு. திருமணப் பகுதியில், மனைவியுடன் நல்லமுறையில் வாழ்தல் என்ற தலைப்பின் கீழும் உண்டு. அதே தலைப்பில் இதற்கு முன்னால் இருப்பது உம்மு ஸர்வு ஹதீஸ்: பதினொரு பெண்கள் அமர்ந்து தத்தம் கணவர்களைப் பற்றி ஒளிவின்றிப் பேசிய செய்தி. இந்த அடுக்கில் ஓர் அறிஞரின் ஆழ்ந்த பார்வையை நாம் காண்கிறோம். அன்னையும் இதைச் சொல்லி முடிக்கும்போது, விளையாட்டை விரும்பும் இளம்பெண்ணின் நிலையை மதிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்திலேயே மக்களிடம் பேசுகிறார்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் கணவரின் நாட்கள் விருந்திலும் உறவினர் வீடுகளிலும் கரைந்துவிடுகின்றன. உள்ளூரில் இருப்பவருக்கோ கடைத்தெருவும் தேநீர்க் கடையும் நண்பர் கூட்டமும் உண்டு. மனைவி வெளியே செல்வது மருத்துவமனைக்கு, நிக்காஹுக்கு, மவுத்து வீட்டுக்கு. பிள்ளைகளை மதரஸாவில் விடவரும் தாய்மார்களில் பலருக்கு அந்த நடையே உலாவாக இருப்பதை நாம் ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம்.

சர்க்கஸுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1768இல் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற குதிரை வீரர் வட்டமாகக் குதிரையோட்டி வித்தை காட்டத் தொடங்கினார். வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் நின்று சமநிலை காப்பது எளிது. பின்னர் அவர் வகுத்த 42 அடி விட்டமே இன்றுவரை பல கூடாரங்களில் அளவாக நிற்கிறது. 1879இல் இத்தாலியரான சியாரினியின் குழு பம்பாய் வந்தபோது, இந்தியருக்கு இக்கலை கைவர இன்னும் காலமாகும் என்ற பேச்சு எழுந்தது. அதைப் பொய்யாக்கியவர் மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே. 1880 மார்ச் 20 அன்று அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸ் பம்பாயில் அரங்கேறியது. அவர் குதிரை மீது வித்தை காட்ட, அவர் மனைவி அந்தரத்து ஊஞ்சலில் ஆடினார். நம் நாட்டு சர்க்கஸின் தொடக்கமே ஒரு தம்பதியின் உழைப்பு. பிறகு 1901இல் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சிப் பள்ளி தொடங்க, மாப்பிள்ளை முஸ்லிம்கள் நிறைந்த அந்த மலபார்க் கடலோர ஊர் இந்திய சர்க்கஸின் தாய்வீடாயிற்று.

இக்கலையில் நம்மை உறுத்தி வந்தவை இரண்டு. ஒன்று, விலங்குகள். அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் அண்ணலாரைக் கண்டு கண்ணீர் வடித்த ஒட்டகத்தை நாம் அறிவோம். அதன் உரிமையாளரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போடுவதாகவும் ஓயாமல் வேலை வாங்குவதாகவும் இது முறையிடுகிறது என்று அண்ணலார் கண்டித்தார்கள். சாட்டைக்கு அஞ்சி நெருப்பு வளையத்தில் பாயும் புலியைப் பார்த்துக் கைதட்டுவோருக்கு இச்செய்தி நினைவிருக்க வேண்டும். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பயிற்றி வித்தை காட்டுவதை 1998இல் மத்திய அரசு தடை செய்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடியும் 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதிப்படுத்தியது. மற்றொன்று, சிறுவர் உழைப்பு. அதற்கும் 2011இல் அதே நீதிமன்றம் தடை விதித்தது. ஆக, நம் பாட்டனார் கண்ட சர்க்கஸில் உறுத்தியவற்றில் பெரும்பகுதி இன்று சட்டத்தாலேயே விலக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது கலைஞர்களின் ஆடை. பார்வையைத் தாழ்த்தும் பேணுதல் கூடாரத்துக்குள்ளும் கடமைதான். அதே பேணுதலைக் கைப்பேசித் திரையின் முன் காட்டாதவர் சர்க்கஸை மட்டும் காரணம் காட்டி மனைவியை வீட்டில் இருத்துவது நமக்கு விளங்கவில்லை.

வழக்கமாக ஒரு மணி, நான்கு மணி, ஏழு மணி என்று மூன்று காட்சிகள் நடக்கும். ளுஹர் தொழுதுவிட்டுப் பகல் காட்சிக்குச் சென்றால் அஸருக்கு முன் வெளியே வந்துவிடலாம். நான்கு மணிக் காட்சி நீண்டுவிட்டால் மஃரிபு தவறக்கூடும். சீட்டு வாங்கும் முன்பே, அருகில் பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல் எது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.