ஒற்றும் நூலும்: அருணை மலையடிக்கு வந்த ஓர் உளவாளியின் வரலாறு

உளவுக் கதைகளில் ஒரு வாய்பாடு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பணியிலிருந்து விலகிய பழைய ஒற்றர்கள் சிலர் மீண்டும் ஒன்றுசேர்வர். கள்ளத்தனமாக ஆயுதம் கடத்தும் ஒருவனை நாடு நாடாகத் தேடிச் செல்வர். முடிவில் அவன் வீழ்வான். படிப்போர் மனம் தேடுவோரின் பக்கமே நிற்கும். தேடப்படுபவனுக்கு அக்கதைகளில் பெரும்பாலும் ஊர் இல்லை, தாய் இல்லை, தாய்மொழியும் இல்லை. தமிழ் வாசகருக்கும் இவ்வகை புதிதன்று. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய குப்புசாமி முதலியார், ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அக்கதைகளை விஞ்சும் உண்மை வேட்டை ஒன்று அதே ஆண்டுகளில் இலண்டனிலும் பாரிசிலும் ஜெனீவாவிலும் புதுச்சேரியிலும் நடந்துகொண்டிருந்தது. அதில் தேடப்பட்டவர்களுள் கவிஞரும் இதழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இருந்தனர். தேடியவர்களுள் ஒருவர் உலகப்புகழ் பெற்ற எழுத்தாளர். ஒற்றுத் தொழிலை விட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின் அருணை மலையடிவாரத்துக்கே வந்து சேர்ந்தவர். அவ்வரலாற்றைத் தேடப்பட்டவர் பக்கமிருந்தும் பார்ப்பது தமிழ் எழுத்தாளருக்குக் கடமையாகிறது.

ஒரே ஆண்டில் இரு சட்டங்கள்

‘கள்ள ஆயுதம்’ என்னும் தொடருக்கு இந்நாட்டில் ஒரு பிறந்த ஆண்டு உண்டென்றால் அது 1878. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த அவ்வாண்டில் படைக்கலச் சட்டம் நிறைவேறியது. உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதும் விற்பதும் கொண்டுவருவதும் அதன்படி குற்றம். ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. அதே 1878ஆம் ஆண்டில்தான் தாய்மொழி இதழ்களை ஒடுக்கும் சட்டமும் வந்தது. அதிலும் ஆங்கில இதழ்களுக்கு விலக்கு. கையில் இருக்கும் இரும்பும் தாளில் இருக்கும் எழுத்தும் ஆட்சியாளர் கண்ணுக்கு ஒரே வகை ஆபத்தாகத் தோன்றின என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதழ்ச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீங்கியது. எனினும் 1910இல் வேறு வடிவில் புதிய அச்சகச் சட்டம் வந்தது. படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நின்று, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அகன்றது. இன்று வேங்கிக்காலில் அமைந்துள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர், தாம் எந்த இனத்தவர் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தச் சாதாரண நிலைமையை எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

பெட்டியின் பொய் அடித்தட்டு

1909ஆம் ஆண்டில் இலண்டன் ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியின் சமையற்காரர் சதுர்புஜ அமீன் ஊர் திரும்பியபோது, அவருடைய பெட்டியின் பொய் அடித்தட்டில் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் இருந்தன. அனுப்பியவர் விநாயக தாமோதர சாவர்க்கர். 1909 டிசம்பர் 21ஆம் நாள் நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொன்றது அவற்றுள் ஒன்று. பெட்டியைச் சுமந்து வந்த அமீனே பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியானார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் இலண்டனில் கைதானார்.

அவருடைய நெருங்கிய தோழர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், வழக்கறிஞர் படிப்புக்காக 1907இல் இலண்டன் சென்றவர். தம்மையும் பிடிக்க வலை விரிந்திருப்பதை அறிந்து, மாறுவேடத்தில் தப்பி, 1910இன் பிற்பகுதியில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். வாஞ்சிநாதனுக்கு அங்கே அவர் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார் என்று வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர்.

1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அதே ரயில்பெட்டியில் ஆஷின் மனைவியும் இருந்தார். துப்பாக்கியின் வரலாற்றைச் சொல்பவர் இதையும் மறைக்கலாகாது. சுட்டவர் வீட்டிலும் சுடப்பட்டவர் வீட்டிலும் ஒரே நாளில் இழவு விழுந்தது. வேட்டை அதன்பின் இருமடங்காயிற்று.

வாசலில் ஒற்றர், உள்ளே ஒற்றாடல்

புதுச்சேரியில் அப்போது சுப்பிரமணிய பாரதி இருந்தார், 1908இலேயே வந்துவிட்டவர். 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் வந்து சேர்ந்திருந்தார். பிரிட்டிஷ் அரசின் இரகசியப் போலீசார் அவ்வூரில் முகாமிட்டு, யார் யார் வீட்டுக்கு எவர் வருகிறார், எந்த ரயிலில் போகிறார் என்று எழுதிக்கொண்டிருந்தனர். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. பாரதியின் ‘இந்தியா’ இதழ் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவது தடைப்பட்டதால் 1910இல் நின்றது. வெளியூர்க்காரர் புதுச்சேரியில் தங்க உள்ளூர்ப் பெரியோர் ஐவரின் சான்று வேண்டும் என்ற விதி வந்தபோது, அரவிந்தர்க்கும் தோழர்களுக்கும் அச்சான்றைத் திரட்டித் தந்தவர் கலவை சங்கர செட்டியார்.

வேவு பார்ப்பது போதாதென்று பொய்ச் சான்றுகளும் உருவாயின. ஐயர் வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கையில் ஒரு கலம் வெளிப்பட்டது. உள்ளே காளி படமும் இராசத்துரோகத் தாள்களும் இருந்தன. மயூரேசன் என்னும் போலீஸ் கையாள் செய்த வேலை அது. கலத்தைப் புதைத்து மறைத்திருந்தால் ஆபத்து வந்திருக்கும்; அரவிந்தரின் யோசனைப்படி பாரதியும் நண்பர்களும் உடனே பிரெஞ்சு அதிகாரிகளிடம் அறிவித்தனர். அதன்பின் அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, மேசைமேல் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு வியந்து மரியாதையுடன் திரும்பினார் என்பது வரலாறு. வெடிமருந்தைத் தேடி வந்தவரை நூல்கள் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி இது.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசியது. உலகப் போர் முற்றவே, புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் தரப்பு பிரெஞ்சுக்காரரை நெருக்கியது. அந்நெருக்கடியில்தான் ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916இல் அது நூலாயிற்று. குறளின் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. ஒற்றையும் நூலையும் மன்னனுக்கு இரு கண்களாக வைத்துத் தொடங்கும் அவ்வதிகாரம், ஒற்றர் துறவி வேடத்தில் செல்வதையும் சொல்கிறது. தம் வாசலில் ஒற்றர் நிற்க, உள்ளே அமர்ந்து அப்பத்துக் குறட்பாக்களையும் மொழிபெயர்த்த மனிதரின் மனநிலையை எண்ணிப் பார்ப்பது எந்தக் கவிஞருக்கும் பயன் தரும்.

ஜெனீவாவில் ஒரு நாடகாசிரியர்

ஐரோப்பாவில் இந்தியப் புரட்சியாளரைப் பின்தொடரும் பணியை நடத்தியவர் ஜான் வாலிங்கர். பம்பாய்ப் போலீசில் இருந்தவர். 1915இல் அவர் தம் பணிக்குச் சேர்த்துக்கொண்ட ஆங்கில நாடகாசிரியர் சோமர்செட் மாம். நாடகம் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு மாம் ஜெனீவாவில் தங்கினார், தொழிலே மாறுவேடமாயிற்று. 1917இல் வேறொரு பணிக்காக ரஷ்யாவுக்கும் அனுப்பப்பட்டார்.

அப்போது வாலிங்கரின் ஆட்கள் குறிவைத்தவர்களுள் முதன்மையானவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா. கவியரசி சரோஜினி நாயுடுவின் தம்பி. 1914இல் ஜெர்மனியில் இந்தியர் குழுவொன்றை அமைத்தவர்களுள் அவர் ஒருவர். ஜூரிச்சில் இயங்கிவந்த செண்பகராமன் பிள்ளையும் அக்குழுவில் சேர்ந்தார். ஜெர்மானிய உதவியுடன் இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்பும் திட்டங்கள் அதன் வழியே உருவாயின. அவற்றுள் பெரியது ‘ஆனி லார்சன்’ கப்பல் திட்டம். கலிபோர்னியாவிலிருந்து துப்பாக்கிகளோடு புறப்பட்ட அக்கப்பல், ‘மேவரிக்’ என்னும் மற்றொரு கப்பலைக் கடலில் சந்திக்காமலே அலைந்து, 1915 ஜூனில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் துறைமுகம் ஒன்றில் பிடிபட்டது. ஆயுதம் வங்கத்தை எட்டவேயில்லை. சட்டோவைச் சிக்கவைக்கச் சுவிட்சர்லாந்தில் பிரிட்டிஷ் கையாள் ஒருவன் செய்த முயற்சியும் அதே 1915இல் தோற்றது.

வாழ்வில் தோற்ற அந்த வேட்டை கதையில் வென்றது. மாம் 1928இல் வெளியிட்ட ‘ஆஷெண்டன்’ தொகுப்பு, பின்வந்த உளவுக் கதைகளுக்கெல்லாம் முன்னோடியாக மதிக்கப்படுவது. அதில் சந்திர லால் என்னும் இந்தியப் புரட்சியாளன் வருகிறான். சட்டோவை மனத்தில் கொண்டே அப்பாத்திரம் உருவானது என்பது ஆய்வாளர் கருத்து. அவன் காதலியான நடனப் பெண்ணை மிரட்டிக் கடிதம் எழுதவைத்து, ஏரியைக் கடந்து பிரெஞ்சு எல்லைக்குள் அவனை வரவழைக்கிறார்கள். பிடிபடுமுன் நஞ்சருந்தி அவன் மடிகிறான். அவள் கடைசியில் கேட்பது, தான் அவனுக்குப் பரிசளித்த கைக்கடிகாரத்தைத்தான். அவன் துணிவைக் கதாநாயகன் ஆஷெண்டன் மெச்சுகிறான். மேலதிகாரி அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒற்றராய் இருந்த எழுத்தாளரின் மனச்சான்று அந்த ஒரு மெச்சலோடு நின்றுவிட்டது. சந்திர லால் தன் நாட்டைப் பற்றித் தானே விரிவாகப் பேச அக்கதையில் இடமில்லை.

மலையடியில் ஒரு மயக்கம்

உண்மைச் சட்டோவின் முடிவு வேறு. சோவியத் நாட்டில் அடைக்கலம் புகுந்த அவர், ஸ்டாலின் காலக் களையெடுப்பில் 1937 செப்டம்பர் 2ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்செய்தி பல ஆண்டுகள் வெளியுலகுக்கு எட்டவில்லை. ஓராண்டு நிரம்புமுன், 1938இன் தொடக்கத்தில், மாம் இந்தியப் பயணம் மேற்கொண்டு திருவண்ணாமலை வந்தார். 1896 முதல் அவ்வூரை விட்டு அகலாதிருந்த இரமணரைக் காண்பது அவர் நோக்கம்.

இரமணாசிரமத்தில் சந்திப்புக்கு முன்பே அவர் மயங்கி விழுந்தார். படுக்கவைத்திருந்த இடத்துக்கு இரமணரே வந்தார்; பேச்சு மிகச் சில, மௌனமே மிகுதி. மாம் சமாதி நிலையை எய்தினார் என்று ஊரில் கதை பரவியது. தமக்கு முன்பும் பின்பும் மயக்கம் வந்ததுண்டு என்று கூறி, அக்கதையை அவர் ஏற்கவில்லை. 1944இல் வந்த ‘ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலில் வரும் ஞானி இரமணரின் சாயலில் அமைந்தவர். 1958இல் இரமணரைப் பற்றித் தனிக்கட்டுரையும் எழுதினார்.

அருணையின் ஞானியை மாம் இருமுறை எழுதினார். தாம் ஒரு காலத்தில் வேவு பார்த்த இந்தியர்களிடம் எழுத்தில் மீண்டும் திரும்பியதில்லை. அவர் அமர்ந்திருந்த மலையடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் புதுச்சேரி இருந்தது. அங்கே அரவிந்தர் அப்போதும் வாழ்ந்துகொண்டிருந்தார். துப்பாக்கியோடு தொடர்புபடுத்தித் தேடப்பட்டவர் பலர் அந்நேரத்தில் வேறு வழிகளில் போய்விட்டிருந்தனர். ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி, 1925 ஜூன் 3ஆம் நாள் பாபநாச அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்நீத்தார். ஆஷ் கொலை வழக்கின் முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரி, சிறைவாழ்வுக்குப் பின் துறவியாகி, நந்தி மலையில் ‘ஓங்கார்’ என்ற பெயரோடு 1978 வரை வாழ்ந்தார். ஒற்றர் துறவி வேடம் பூணுவதைக் குறள் சொல்லும். வேட்டையாடப்பட்டவர் உண்மையாகவே துறவியானதையும், வேட்டையாடியவர் துறவியைத் தேடி வந்ததையும் இருபதாம் நூற்றாண்டு வரலாறு சொல்கிறது.

எழுத வேண்டிய பக்கம்

புதுச்சேரித் தெருக்களில் நின்ற ஒற்றர் எழுதிய குறிப்புகள் இன்று ஆவணக் காப்பகத் தாள்கள். பாரதியும் நண்பர்களும் வாழ்ந்த நாட்களை அறிய ஆய்வாளருக்கு அவையும் உதவுகின்றன. ரா. அ. பத்மநாபன் போன்றோர் ஆவணங்களையும் நேரில் அறிந்தோர் நினைவுகளையும் சேர்த்து வைத்தமையால்தான் மறுபக்கம் முற்றிலும் அழியவில்லை. ஆயினும் ஆவணம் இலக்கியமாவதற்குக் கற்பனையின் கை வேண்டும். உளவுக் கதை உலகெங்கும் வேட்டையாடுவோர் கண்வழியே எழுதப்பட்டு வந்தமையால், அக்கை தமிழில் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அதை எழுத வருபவர்க்கு இரு கடமைகள் உண்டு. சட்டம் கள்ளனென்று பெயரிட்டவனுக்கு ஊரும் தாயும் மொழியும் மீட்டுத் தருவது ஒன்று. மணியாச்சி ரயில்பெட்டியில் கணவனை இழந்த பெண்ணையும், வாஞ்சியின் இளம் மனைவியையும் ஒரே நிறையில் நோக்குவது மற்றொன்று. முதலாவதை மட்டும் செய்தால் அது மாமின் கதையைத் தலைகீழாக்கியதாகவே முடியும். அங்கே பேச வாய்ப்புப் பெறாத சந்திர லாலைப் போல, இங்கே வேறொருவர் ஊமையாகிவிடுவார்.