மண் சடக்கு

என் பாட்டி ரோடு என்று சொல்லிக் கேட்டதில்லை. சடக்கு என்பார். ரயில் தண்டவாளம் கம்பிச் சடக்கு. பெடாஸ் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை மண் சடக்கு. இந்துஸ்தானி ‘சடக்’தான் எந்தக் கங்காணியோடோ கப்பலேறி வந்து எங்களிடம் இப்படி ஆகியிருக்க வேண்டும். பெரிய ரோட்டுக்கு மட்டும் அவரிடம் தனிப் பெயர்: தார்ச் சடக்கு. சிரம்பானிலிருந்து பெடாஸ், ரெம்பாவ் வழியாகத் தம்பினுக்குப் போகும் கூட்டரசுச் சாலை 1 அது.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தத் தார்ச் சடக்கிலேயே எனக்கு வேலை அமைந்தது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்துவிட்டு ஒரு குத்தகையாளரிடம் சைட் என்ஜினியராக இருந்தேன். சாலை மேற்பரப்பைப் புதுப்பிக்கும் பணி. ராத்திரி பத்து மணிக்கு ஒரு பக்கத்தை அடைத்து, மில்லிங் இயந்திரத்தால் ஐந்து சென்டிமீட்டர் சுரண்டி எடுத்து, பசைத்தார் தெளித்து, சூடான கலவையைப் பரப்பி, ரோலர் ஓட்டி, விடிவதற்குள் திறந்துவிட வேண்டும். காலையில் காரில் போகிறவருக்கு ரோடு கறுப்பாகியிருப்பது மட்டும் தெரியும்.

ஓரிடத்தில் மட்டும் ரோடு திரும்பத் திரும்ப உள்வாங்கியது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். கோர் எடுத்தால் தார் அடுக்குகள் மட்டும்தான் உருளையாக வரும். அதற்குக் கீழே பார்க்கக் குழி வெட்டத்தான் வேண்டும். வெட்டினோம். மேலே தார், ஆறு அடுக்கு. ஒவ்வொன்றும் ஒரு பழுதுபார்ப்பு, ஒரு டெண்டர். அதன்கீழ் நவீன சாலையில் இருக்கும் பொடிக்கல் இல்லை. உள்ளங்கையைவிடப் பெரிய கருங்கற்கள், பல் வரிசை மாதிரி நட்டமாக நிறுத்தி, இடுக்குகளில் சின்னக் கல்லை அடித்து இறுக்கியிருந்தார்கள். அதற்கும் கீழே செம்மண். மண் சடக்கு.

இந்தக் கல்லடுக்குதான் பழைய மலாயாச் சாலைகளின் அடித்தளம். இயந்திரம் இதைச் செய்யாது. ஒருவர் குனிந்து ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்து, அகலமான பக்கம் கீழே வருகிற மாதிரி வைக்க வேண்டும். ரோடு ஒரு மீட்டர் நீள ஆயிரம் தடவை குனிய வேண்டும் என்று ஒருமுறை மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியா தப்பா தெரியவில்லை, ஆனால் அன்றைக்கு முதுகு வலித்தது.

பொதுப்பணித் துறை இங்கே 1872இல் தொடங்கியது. ரப்பர் வருவதற்கு முன்பே, ரோடு போடவும் தண்டவாளம் போடவும் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியபோது, தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் தலைக்கு இவ்வளவு என்று அதற்குக் கட்ட வேண்டியிருந்தது. தோட்டத் துரைகள் மட்டுமல்ல, பொதுப்பணித் துறையும் ரயில்வேயும்தான் தமிழர்களுக்கு முதலாளி. ‘இந்த நாட்டு ரோடெல்லாம் நாங்க போட்டது’ என்று மேடையில் முழங்குவதை நான் ரசிப்பதில்லை. சீனர்களும் ஜாவானியர்களும் சேர்ந்துதான் கல் சுமந்தார்கள். ஆனால் நம் ஆட்கள் இல்லாமல் அந்தக் கல்லடுக்கு இல்லை. மைல் கணக்கும் செலவுக் கணக்கும் ஏடுகளில் இருக்கும். குனிந்தவர் பெயர் எதிலும் இராது.

தோட்டத்து மண் சடக்குக்கு அந்த மைல் கணக்குகூடக் கிடையாது. 1960இல் துன் ரசாக் மாவட்டந்தோறும் ‘சிவப்புப் புத்தகம்’ தயாரிக்கச் சொன்னார். அடியில் மாவட்ட வரைபடம், அதன்மேல் ரோட்டுக்கு ஒரு தாள், தண்ணீருக்கு ஒரு தாள் என்று மெல்லிய தாள்கள். எந்தக் கம்பத்துக்கு எது இன்னும் போகவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். நல்ல பொறியியல், மறுக்க மாட்டேன். இந்த நாட்டின் கிராமங்களுக்கு ரோடு போனது அப்படித்தான். ஆனால் தோட்டம் கிராமம் அல்ல, தனியார் நிலம். அங்கே ரோடு கம்பெனியின் பொறுப்பு. கம்பெனிக்கு வேண்டியதோ பால் லாரி போகிற அளவுக்கு ஒரு பாதை. ஆண்டுக்கு ஒருமுறை கிரேடர் ஓட்டினால் போதும்.

இப்போதும் அதே கதைதான். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு மானியம் தர வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பணம் சாலைப் பதிவேட்டைப் பார்த்து வரும். மாரிஸ் என்பார்கள். அதில் ஏறினால்தான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கு. தனியார் நிலத்துப் பாதை அதில் ஏறாது. ஒரு தீபாவளிக்கு அப்பா கேட்டார், “ஊருக்கெல்லாம் ரோடு போடுற, நம்ம தோட்டத்து ரோட்ட ஒனக்குப் போட முடியாதாடா?” மாரிஸை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், “அப்ப அது ரோடே இல்லேங்கிற.” பதிவேட்டின்படி, ஆமாம்.

இதில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது ரப்பர். 1930களில் ரப்பர் விலை படுத்தபோது லட்சத்துக்கும் அதிகமான தமிழர்களை இங்கிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தேங்கிய ரப்பரை என்ன செய்வது என்று யோசித்தவர்களின் பார்வை ரோட்டின் மேலும் விழுந்தது. ஐரோப்பாவில் தாரில் ரப்பர் கலந்து பார்த்தார்கள். மலேசியாவில் பதிவான முதல் சோதனை 1988இல், கிள்ளான் ஜாலான் வன்தூரனில். 1993இல் எங்கள் பக்கம், ரெம்பாவ்–தம்பின் சாலையிலேயே. 2010களில் விலை மறுபடி விழுந்ததும் மலேசிய ரப்பர் வாரியம் கட்டிப்பாலைத் தாரில் கரைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தெரசா கோக் அமைச்சராக இருந்தபோது அதைப் பெரிதாகப் பேசினார்கள். தொழில்நுட்பம் நல்லதுதான். ரப்பர் சேர்ந்த தார் வெயிலில் சீக்கிரம் இளகாது, லாரிச் சக்கரத்தடம் பள்ளமாவது குறையும். சாதாரணத் தாரைவிட விலை கூடுதல், அது தனிப் பேச்சு. ஆனால் விலை விழும்போதெல்லாம் ரப்பருக்கு ஒரு ரோடு கிடைத்துவிடுகிறது.

கட்டிப்பால் என்றால் மங்கிலேயே உறைந்து கிடக்கும் பால். பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். விடியற்காலை நிரையில் நுழைந்து, முந்தின நாள் கட்டியை விரலால் நோண்டிச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் மரத்தில் கத்தி வைப்பார். அந்த நாற்றம் தீபாவளிச் சேலையிலும் இருக்கும். அதை இப்போது ரோட்டில் போடுகிறார்கள் என்று சொன்னபோது நம்பவில்லை. “போய்யா, அந்த நாத்தத்து மேல எவன் காரு ஓட்டுவான்?” தாரோடு சேர்ந்தால் அவ்வளவு தெரியாது பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம சடக்குலயும் போட்டாங்களா?” என்றார். இல்லை என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் கீழே விழுந்தது ஒரு நவம்பர் மழையில். ஆம்புலன்ஸ் வந்தது, தார்ச் சடக்கு வரைக்கும். மண் சடக்கில் சக்கரம் புதையும் என்று சந்திப்பிலேயே நின்றுவிட்டது. செம்பனைப் பழம் ஏற்றும் டிராக்டரில் மெத்தையைப் போட்டு, மாமா குடை பிடிக்க, மூன்று கிலோமீட்டரைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. இடுப்பெலும்பு. அதன்பின் அவர் லயத்துக்குத் திரும்பவில்லை.

பால்மரங்கள் இப்போது அங்கே இல்லை, முழுக்கச் செம்பனை. லயத்தில் எட்டுக் குடும்பம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் மட்டும் நிர்வாகம் கிரேடர் அனுப்பும். போன வருடம் நானும் போயிருந்தேன். ஓட்டுநர் வங்காளதேசத்துப் பையன், வேலை சுத்தம். பிளேடு மேடுகளைச் சீவிக்கொண்டு போக, ஓரத்தில் கருங்கல் எதுவும் தட்டுப்படுகிறதா என்று பின்னாலேயே நடந்து பார்த்தேன். கடைசிவரை செம்மண்தான்.