கம்பி போட்ட சன்னல்

பபேடானில் அம்மா வளர்ந்த வாடகை வீட்டைப் பார்க்கப் போனேன். 1852 போருக்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கோடு போட்டது போல் வகுத்த தெருக்களில் ஒன்று. இறங்க ஒரே ஒடுங்கிய மாடிப்படி; சன்னல்களில் திருடனுக்குப் பயந்து போட்ட கம்பி. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது?

யாங்கோனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2013 ஏப்ரல் 2 அதிகாலை, இதற்குக் கிழக்கே பொட்டட்டாங் பகுதியில், பள்ளிவாசல் வளாகத்தில் தூங்கிய 13 சிறுவர்கள் தீயில் இறந்தார்கள். அங்கும் சன்னல்களில் கம்பி.

இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், வாடகை வீட்டில் ஆள் தங்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. லண்டனில் என் அறைக்கு வெளியே அது இருக்கிறது. அம்மாவின் வீட்டுப் படிக்கட்டில் தேடினேன், காணவில்லை.

கம்பி போட்டவர்தான், அதை உள்ளிருந்து திறக்கும் வழியையும் வைக்க வேண்டும். வீடு பார்க்கப் போனால், வாடகையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள்.