கட்டுப்பல்லின் சரித்திரம்

மணமேல்குடிக்குத் தெற்கே பாக்கு நீரிணையின் கரையில் அமைந்த கோட்டைப்பட்டினத்தில், தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவது நபிவழி என்று போற்றப்படுவதாலும், அக்குச்சியைத் தரும் உகா மரம் இந்தக் கடற்கரைப் பிரதேசத்தின் உவர்நிலத்திலேயே இயற்கையாக வளர்வதாலும், பல்லைப் பேணுவது சுகாதாரமாக மட்டுமின்றி அனுஷ்டானமாகவே நிலைபெற்று வந்திருக்கிறது. அவ்வாறு பேணியும் பல் விழுந்த முதியவர்களுக்கு நம் நாட்டார் கண்ட பரிகாரம், வெற்றிலை பாக்கைச் சிற்றுரலில் இடித்துக் கொடுப்பதும், சோற்றைக் குழையவிட்டு மீனை முள் நீக்கிப் பிசைந்து வைப்பதுமேயன்றி, போன பல்லை மீட்பதன்று.

பொன்னால் பல் கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வி முஸ்லிம் சமூகத்தில் வெகு காலத்துக்கு முன்பே எழுந்து, விடையும் பெற்றது. ஆடவர் பொன் அணிவது விலக்கப்பட்டதாயினும், குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளியால் செய்து பொருத்திய மூக்கு நாற்றமெடுக்கத் துன்புற்ற அர்ஃபஜா என்பவருக்குப் பொன் மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் நாயகம் அனுமதித்த செய்தியை ஆதாரமாகக் கொண்டு, பல்லுக்கும் அது பொருந்தும் என்று மார்க்க அறிஞர் பலர் தீர்ப்பளித்தனர். அவயவத்தை இழந்தவன் அதைத் திரும்பப் பெறுவதை ஆடம்பரமாகக் கருதாமல் தேவையாகக் கண்ட அந்தக் கருணையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

சென்ற நூற்றாண்டில் பல் கட்டும் தொழில் நம் நகரங்களில் பரவியபோது, அதில் முன்னின்றவர்களுள் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து சென்னையிலும் குடியேறிய பல் வைத்தியக் குடும்பத்தினரும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பட்டம் பெற்றவர்களை ‘ஏ’ பகுதியிலும், பட்டமின்றி அனுபவத்தால் தொழில் நடத்தியவர்களை ‘பி’ பகுதியிலும் பதிவு செய்ய வகை செய்தது. கந்தகம் ஊட்டி இறுக்கிய ரப்பரில் பதித்த பல் செட்டு மாறி அக்ரிலிக் செட்டு வந்தது. ஆனால் பல் இல்லாத தாடை எலும்பு நாளடைவில் தேய்ந்து செட்டு தளர்ந்துபோகும் குறை மட்டும் மாறவில்லை.

எலும்பிலேயே பல்லை ஊன்றவேண்டும் என்ற எண்ணம் மிகப் புராதனமானது. 1931-இல் ஹோண்டுராஸ் நாட்டில் போப்பனோ என்பவர் கண்டெடுத்த, ஏறக்குறைய கி.பி. 600-ஐச் சார்ந்த மாயர் குலத்துக் கீழ்த்தாடையில், மூன்று முன்பற்களின் குழிகளில் கடற்சிப்பித் துண்டுகள் பல்வடிவாகச் செதுக்கிப் பதிக்கப்பட்டிருந்தன. 1970-இல் பிரேசில் அறிஞர் பாபியோ எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றைச் சுற்றி எலும்பு வளர்ந்திருப்பது தெரிந்தது. உயிருள்ள எலும்பு அந்தச் சிப்பியை ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். சங்கு குளித்து வங்காளத்து வளையலுக்கு அனுப்பி வந்த பாக்கு நீரிணைக் கரையோர் இதைக் கேட்டால் வியப்பார்கள்.

1952-இல் சுவீடன் தேசத்து ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய வைத்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிப் பிரிக்கமுடியாமற் போனதைக் கண்டார். பிறவியிலேயே தாடைக் குறை கொண்ட லார்சன் என்பவருக்கு அவர் 1965-இல் டைட்டானியத் திருகாணிகளைத் தாடையில் பதித்துப் பல் அமைத்தார். 2006-இல் லார்சன் காலமாகும் வரை அவை பயன்பட்டன. இன்று இம்பிளான்ட் என்று வழங்கும் சிகிச்சை அதுவே: திருகாணியைப் பதித்து, எலும்பு பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் விட்டு, அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதற்குப் பகை. டைட்டானியம் தரும் இல்மனைட் மணலோ, நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது.

ஆயினும் வலை இழுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இம்பிளான்ட் சிகிச்சையின் செலவு இன்னும் எட்டாததாகவே இருக்கிறது. 2023 நவம்பரில் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு, 50 மாணவர் சேரும் வாய்ப்பு உண்டாகியிருக்கிறது. அங்கே கற்பவர்கள் கோட்டைப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களுக்கு முகாமிட்டு வரவும், பல் ஊன்றும் சிகிச்சை அரசுச் செலவில் ஏழைகளுக்குக் கிடைக்கவும் சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும். தாடை எலும்பு தேய்ந்துபோவதற்கு முன் வைத்தியரை நாடுவது ஊராரின் கடமை.