ஆட்சி மாற்றமும் சொல் மாற்றமும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

ஆட்சி மாறும்போது ஆட்சிச் சொற்களும் மாறுவதுண்டு. 1983 சனவரியில் நடைபெற்ற ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றத் தேர்தல் இதற்குத் தக்க சான்றாகும். 1956இல் மாநிலம் அமைந்தது முதல் ஆண்டுவந்த காங்கிரசை, 1982 மார்ச்சில் தோன்றிய தெலுங்கு தேசம் கட்சி வீழ்த்தியது. அதன் தலைவர் என். டி. இராமராவ் குடிவாடாவிலும் திருப்பதியிலும் வெற்றிபெற்றார். இம்மாற்றம் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு உண்டாக்கிய சிக்கல்களுள் இரண்டு இங்கு ஆராயப்பெறுகின்றன.

முதலாவது, 'ஆத்ம கௌரவம்' என்னும் தேர்தல் முழக்கம். 1978 முதல் 1982 வரை நால்வர் அடுத்தடுத்து முதலமைச்சராயினர். அம்மாற்றங்கள் தில்லியில் முடிவாயின என்னும் மனக்குறையே இம்முழக்கத்தின் பின்புலம். இதனைச் 'சுயமரியாதை' எனப் பெயர்ப்பின், 1925இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் சாதி, சமய மறுப்புப் பொருளும் உடன் வந்து சேரும். 'தன்மானம்' என்பதே பொருந்தும்.

இரண்டாவது, 'மண்டலம்'. புதிய அரசு 1985இல் தாலுகாக்களையும் பின்னர்ப் பஞ்சாயத்து சமிதிகளையும் நீக்கி, அவற்றினும் சிறிய மண்டலங்களை அமைத்தது. சித்தூர் மாவட்டம் 66 மண்டலங்களாயிற்று. தமிழிலோ மண்டலம் பெருநிலப்பரப்பைக் குறிக்கும். இவ்வட்டாரமே பழந்தொண்டைமண்டலத்தின் பகுதியன்றோ! இக்குழப்பத்தை நீக்கக் கருதி 'வட்டம்' என்றோ 'ஒன்றியம்' என்றோ பெயர்ப்பதும் பிழையாகும். தமிழ்நாட்டில் வருவாய்த் துறைக்குரிய வட்டமும் உள்ளாட்சிக்குரிய ஊராட்சி ஒன்றியமும் வெவ்வேறு அலகுகள். ஆந்திர மண்டலமோ இவ்விரு பணிகளுக்கும் பொதுவான எல்லையாக வகுக்கப்பட்டது. ஆதலின் இதற்கு நேரான அலகு தமிழ்நாட்டில் இல்லை.

நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய எல்லைப் பகுதிகளில் தமிழர் வாழ்கின்றனர். அவர்தம் நில ஆவணங்களைப் பெயர்ப்போர் ஆவணத்தின் ஆண்டை முதலில் நோக்குதல் வேண்டும். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகுமுன் சித்தூரும் சந்திரகிரியும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தன. 2022 முதல் திருப்பதி தனி மாவட்டமாகியுள்ளது. ஆகவே ஒரே ஊர் வெவ்வேறு காலத்து ஆவணங்களில் வெவ்வேறு மாவட்டப் பெயரோடு வரக்கூடும். 1985க்கு முந்திய ஆவணத்தில் 'தாலுகா' என்பதை 'வட்டம்' எனலாம். பிந்திய ஆவணத்தில் 'மண்டலம்' என்றே நிறுத்தி, முதல் வருகையில் அதன் பொருளை விளக்குதல் தகும். அலகின் பெயர் பிறழ்ந்தால் நிலத்தின் அடையாளமே ஐயத்திற்கு உள்ளாகும். ஆட்சிச் சொல்லுக்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது. அச்சொல் நடைமுறைக்கு வந்த ஆண்டும் அதன் பொருளில் ஒரு கூறாகும்.