எடுத்துக்காட்டு எங்கே முடிகிறது?

2016 குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தலைப்புகளில் ஒன்று: இந்தியாவில் ஏறத்தாழ வேலைவாய்ப்பற்ற வளர்ச்சி முரணா, பொருளாதாரச் சீர்திருத்தங்களின் விளைவா? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இதற்கு எழுதிப் பழகியதை என்னிடம் காட்டினார்கள். எல்லோருக்கும் எடுத்துக்காட்டு நோக்கியாதான். முடிவுதான் வேறுவேறு.

2006இல் உற்பத்தி தொடங்கியதோடு நிறுத்தியவருக்கு அது வளர்ச்சி. வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாப்டுக்குக் கைமாறாமல், 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றதுவரை போனவருக்கு வீழ்ச்சி. அந்த வளாகம் சால்காம்ப் கைக்குப் போகும் என்ற 2019 அறிவிப்பையும் சேர்த்தவருக்கு மீட்சி. எதிலும் தகவல் பிழையில்லை. ஆண்டைத் தேர்ந்தெடுத்தபோதே அரசியலையும் தேர்ந்தெடுத்தாயிற்று.

மூன்றிலும் இல்லாதவர்கள், 2014இல் 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் வெளியேறிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். வளாகம் மீண்டது, சரி. அவர்கள்? "அதெல்லாம் எழுதினா மார்க் போயிடும் சார், பேலன்ஸ் வேணும்" என்றாள் ஒருத்தி. தேர்வுக்கூடத்தின் இந்த நடுநிலைதான் நமது வரலாற்றெழுத்தின் மௌனமும்.

சுங்குவார்சத்திரத்தில் 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இனி எழுதப்படும் கட்டுரைகளில் இந்த எடுத்துக்காட்டு எங்கே முடியும்? வேலைக்குத் திரும்பிய அக்டோபரிலா, சங்கம் பதிவான 2025 ஜனவரியிலா?