தோற்றது எது?

2011 பிப்ரவரி 5 அன்று, ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் பேசினார். அரசு வளர்த்த பன்முகப் பண்பாட்டுக் கொள்கை தோற்றுவிட்டது, அதனால் வேரற்றுப்போன முஸ்லிம் இளைஞர்கள் தீவிரவாதத்தின் பக்கம் சாய்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்த உரையைப் படிக்கும்போது கருத்தைவிட இடம்தான் எனக்கு முதலில் உறுத்துகிறது. பள்ளிக்கூடம், மொழி, வேலை பற்றிய பேச்சுக்கு ராணுவ அமைச்சர்கள் கூடும் சபையில் என்ன வேலை?

நியாயமாகச் சொன்னால், இஸ்லாம் வேறு, இஸ்லாமியத் தீவிரவாதம் வேறு என்று அதே உரையில் கேமரூன் தெளிவாகவே பிரித்தார். ஆனால் அந்த மேடை இரண்டையும் சேர்த்துவிட்டது. அன்றைக்கே லூட்டன் நகரத் தெருக்களில் இங்கிலிஷ் டிஃபன்ஸ் லீக் முஸ்லிம்களுக்கு எதிராக ஊர்வலம் போனது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1966இல் உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ், ஒருங்கிணைப்பு என்றால் எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பதல்ல, சம வாய்ப்பும் பண்பாட்டு வேறுபாடும் சேர்ந்தே இருப்பது என்றார். அன்றைய பேச்சு வாய்ப்பைப் பற்றியது. அப்போது பாகிஸ்தானி, துருக்கியர் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகள் நாற்பது ஆண்டுகளில் வெறும் 'முஸ்லிம்'கள் ஆனார்கள். தொழிலாளி உரிமை கேட்கலாம். சந்தேகத்துக்குள்ளானவர் முதலில் தன்னை நிரூபிக்க வேண்டும்.

கேமரூனுக்கு நாலு மாதம் முன்பே, 2010 அக்டோபரில், ஏஞ்சலா மெர்க்கலும் பாட்ஸ்டாமில் இதே தோல்வியை அறிவித்தார். சரி, தோத்துப்போச்சு என்றே வைத்துக்கொள்வோம். தோற்பதற்கு அங்கே அப்படியொரு கொள்கை இருந்ததா? 1961 ஒப்பந்தப்படி துருக்கியிலிருந்து ஆள் எடுத்த ஜெர்மனி, வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்றே நம்பியது. வந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மண்ணில் பிறந்த உரிமையில் குடியுரிமை, அதுவும் நிபந்தனைகளோடு, கிடைத்ததே 2000இல்தான்.

கேமரூனின் காரணமும் முழுதாகப் பொருந்தவில்லை. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் 52 பேரைக் கொன்ற நால்வரில் மூவர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். தலைவனாகக் கருதப்பட்டவன் ஆரம்பப் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டியாக வேலை பார்த்தவன். ஆங்கிலம் தெரியாமலோ ஊரோடு ஒட்டாமலோ போனவன் என்று அவனைச் சொல்லிவிட முடியாது.

ம்யூனிக் உரைக்கு ஐந்தரை மாதம் கழித்து, 2011 ஜூலை 22 அன்று, பன்முகப் பண்பாட்டையும் முஸ்லிம்களையும் எதிரிகளாக எழுதிவைத்த ஒரு நார்வேக்காரன் 77 பேரைக் கொன்றான். பெரும்பாலோர் உட்டோயா தீவில் தொழிற்கட்சி முகாமுக்கு வந்த இளைஞர்கள். அதற்கும் கேமரூனுக்கும் முடிச்சுப்போடுவது அநியாயம். ஆனால் பாதுகாப்புக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்ற கணக்கு எவ்வளவு குறுகலாக இருந்தது என்பது அன்று தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்லோ தேவாலயத்தில் பிரதமர் ஸ்டோல்டன்பெர்க், இதற்குப் பதில் இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிக வெளிப்படைத்தன்மை, ஆனால் ஏமாளித்தனம் மட்டும் கூடாது என்றார். பாதுகாப்பைப் பற்றி அந்த ஆண்டில் நான் படித்த பேச்சுகளில், யாரையும் சந்தேகக் கூண்டில் ஏற்றாத பேச்சு அதுதான்.